முன் பெஞ்சுக்காரர்களின் பார்வைக் கோளாறு

நாரணாபுரம் சாலையில் இருக்கிற அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த முதல் வாரத்திலேயே கற்பகவல்லி ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டார். ஊருக்குள் தெருக்கள் எந்த வரிசையில் இருந்தனவோ, ஏழாம் வகுப்பில் பிள்ளைகளும் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரஸ் முதலாளி, பட்டாசுக் கம்பெனி முதலாளி, பலசரக்கு மொத்த வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே முன் பெஞ்சுகளில். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேலைக்குப் போகிற காலனி வீட்டுப் பிள்ளைகள் பின் சுவரோடு ஒட்டிக் கடைசி பெஞ்சுகளில்.

வகுப்பாசிரியர் நவநீதகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கணக்கு வாத்தியார். இதே பள்ளியில் படித்து இதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர்.

"அதுகளா உக்காந்துக்கிடுதுக மேடம். நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார்.

"எத்தனை வருசமா இப்படி?"

"நான் படிக்கும்போதே இப்படித்தான்."

"அப்ப நீங்க எந்த பெஞ்சு சார்?"

நவநீதகிருஷ்ணன் மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "நடு பெஞ்சுன்னு வச்சுக்கங்களேன்" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்காமலேயே வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

கற்பகவல்லி அருப்புக்கோட்டைக்காரர். ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டார். அடுத்த வாரமே பள்ளியில் சமத்துவ உறுதிமொழி விழா வைத்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஜெயச்சந்திரன் உறுதிமொழி அட்டையைத் தன் பிரஸ்ஸிலேயே இலவசமாக அடித்துக் கொடுத்தார். பளபளப்பான தாள், சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர், கல்யாணப் பத்திரிகை மாதிரி. உறுதிமொழியை அவரே மேடையேறி வாசித்தார். சாதி பார்க்கமாட்டோம், பணம் பார்க்கமாட்டோம், தெரு பார்க்கமாட்டோம் என்று அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் முன்னால் ஒரு தெருவும் பின்னால் ஒரு தெருவுமாக நின்று திருப்பிச் சொன்னார்கள்.

கைதட்டல் அடங்கியதும் கற்பகவல்லி ஒலிபெருக்கியை வாங்கினார்.

"ரொம்ப சந்தோசம். வர்ற திங்கக்கிழமையில இருந்து ஒவ்வொரு வாரமும் பெஞ்சு மாறும். முன்னால இருக்கவுக பின்னால போவாக, பின்னால இருக்கவுக முன்னால வருவாக."

தட்டிக்கொண்டிருந்த ஜெயச்சந்திரனின் கைகள் நடுவழியிலேயே நின்றுவிட்டன.

மறுநாள் காலை அவர் தலைமையாசிரியர் அறையில் இருந்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, அதன் பையில் மூன்று பேனா.

"மேடம், நீங்க செய்றது ரொம்ப நல்ல காரியம். என்னோட முழு ஆதரவும் உண்டு. ஆனா எம்மக ஹர்ஷினியை மட்டும் மாத்தாதீக."

"ஏன் சார்?"

"அவளுக்குக் கண்ணுல கோளாறு. தூரத்துல இருக்கது தெரியாது. முன் பெஞ்சுல இல்லன்னா போர்டு தெரியாது."

"அடடா. எம்புட்டு நாளா?"

"பொறந்ததுல இருந்தே" என்றார் ஜெயச்சந்திரன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தருண்குமாரின் அப்பா வந்தார். பட்டாசுக் கம்பெனிக்காரர். தருணுக்கும் கண்ணில் கோளாறு. அவரைத் தொடர்ந்து மொத்த வியாபாரி வந்தார். அவர் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்குமே கோளாறு. ஒரு அம்மா தன் மகனுக்கு ஒரு கண்ணில் கிட்டப் பார்வை, இன்னொரு கண்ணில் தூரப் பார்வை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதிய மணி அடிப்பதற்குள், ஏழாம் வகுப்பின் முன் இரண்டு பெஞ்சுகளிலும் ஒரு பிள்ளைக்குக்கூடப் பார்வை சரியில்லை என்று ஆகிவிட்டது. சாதி என்ற சொல்லை ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை. எல்லாருக்கும் கண்தான் கவலையாக இருந்தது.

கற்பகவல்லி ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. சாயங்காலம் நவநீதகிருஷ்ணனைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு வகுப்புல இம்புட்டுப் பிள்ளைகளுக்குப் பார்வை இல்லன்னா அது சாதாரண விசயமா? உடனே கண் பரிசோதனை முகாம் வைக்கணும். யாருக்கு நிஜமாவே பார்வை கம்மியோ அவுகளுக்கு முன் பெஞ்சு. யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி. மத்தவுகளுக்குச் சுழற்சி."

செய்தி ஜெயச்சந்திரன் காதுக்குப் போனது. முகாமை அவரே குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கி வைக்க வேண்டும் என்றும் அந்தச் செய்தியிலேயே இருந்தது.

வீட்டில் அன்று சாப்பாட்டு மேசையில் பயிற்சி ஆரம்பமானது. ஹர்ஷினிக்கு எதைக் கண்டாலும் உரக்க வாசிக்கிற பழக்கம். பேருந்துப் பலகை, பிஸ்கட் உறை, மருந்துச் சீட்டு எதையும் விடமாட்டாள். பிரஸ்ஸில் காலண்டர் அடிக்கும்போது 'ஆவனி' என்று அச்சுக் கோத்திருந்ததைக் கண்டுபிடித்து, மெஷினை நிறுத்தச் செய்தவள் அவள்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. அப்படிப்பட்டவளிடம் ஜெயச்சந்திரன் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார்.

"இது என்ன எழுத்து, சொல்லு."

"ட."

"ட-ன்னு சொல்லக் கூடாது தாயி. ப-ன்னு சொல்லணும்."

"அது ட-தானப்பா?"

"ட-தான். ஆனா ப-ன்னு சொல்லு."

"தப்பாச்சே."

"தப்பாத்தான் சொல்லணும். நாளைக்கு அந்த டாக்டரம்மா கேக்கும்போது நாலு எழுத்து தப்பாச் சொன்னாப் போதும். அப்புறம் வருசம் பூரா ஃபேனுக்குக் கீழ உக்காரலாம்."

ஹர்ஷினியின் முகம் சிறுத்துவிட்டது. பிழை திருத்துகிற தன்னைப் பிழை செய்யச் சொல்கிறாரே என்று அவளுக்கு வருத்தம். தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.

முகாமுக்கு விருதுநகரிலிருந்து முத்துச்செல்வி என்கிற கண் பரிசோதகர் ஒரு பெட்டியோடு வந்தார். சின்ன வயசு, சிரிக்காத முகம். பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் எழுத்து அட்டையைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார். மேலே பெரிய எழுத்தில் தொடங்கிக் கீழே வரவரச் சிறியதாகும் தமிழ் எழுத்துகள். எதிர்ச்சுவரோரம் பிள்ளைகள் நிற்கக் கோடு கிழித்தார். ஜெயச்சந்திரன் விளக்கேற்றினார். கண் என்பது கடவுள் எல்லாருக்கும் சமமாகக் கொடுத்த செல்வம் என்று பேசினார். பிறகு கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் தருண்குமார் வந்தான்.

"முதல் எழுத்து என்னப்பா?" என்று முத்துச்செல்வி கேட்டார்.

"எந்த எழுத்து?"

"அட்டையில இருக்கிறது."

"எந்த அட்டை?"

"சுவத்துல மாட்டியிருக்கேன்ல."

"எனக்குச் சுவரே தெரியலை" என்றான் தருண்குமார், ஓங்கிய குரலில். பின்னால் மற்றப் பெற்றோரோடு நின்ற அவன் அப்பா திருப்தியாகத் தலையசைத்தார்.

முத்துச்செல்வி முகம் மாறவில்லை. "பாவம். சரி, போய் உக்காரு. போறப்ப அந்த மூலை மேசையில தட்டு இருக்கு பாரு, அதுல ஒரு மிட்டாய் எடுத்துக்க. சிவப்பு எல்லாம் புளிப்பு. ஒரே ஒரு மஞ்சள் கிடக்கு, அதுதான் மாங்கா மிட்டாய்" என்றார்.

தருண்குமார் அறையைக் குறுக்காகக் கடந்து, இரண்டு நாற்காலிகளைச் சுற்றி நடந்து, குவியலுக்கு அடியில் கிடந்த மஞ்சள் மிட்டாயை உருவி வாயில் போட்டுக்கொண்டான். போட்ட பிறகுதான் அறையே தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"இனிப்பா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, முத்துச்செல்வி அவன் பெயருக்கு நேரே 'பார்வை நன்று' என்று எழுதினார்.

அதற்குப் பிறகு இரட்டையர்கள் தாங்களாகவே முழு அட்டையையும் வாசித்துவிட்டு மிட்டாய் கேட்டார்கள்.

அடுத்து வேல்விழி. கடைசி பெஞ்சு. இவள் அம்மா சோலையம்மாள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். வேல்விழிக்குப் பாடம் மண்டையில் ஏறாது என்று நவநீதகிருஷ்ணன் எப்போதோ முடிவு கட்டியிருந்தார். போர்டில் இருப்பதை எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள்.

அவள் பயந்துபோய் நின்றாள். இதுவும் ஒரு பரீட்சை என்றுதான் நினைத்திருந்தாள். இதில் தோற்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்வார்கள், அம்மாவுக்கு வேலை கெடும். அதனால் வரிசையில் நிற்கும்போதே முன்னால் போனவர்கள் வாசித்ததைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துவிட்டாள்.

"வாசிம்மா."

"ட, ப, ம, ல, ய, ர, க, ச, ந" என்று ஒரே மூச்சில், கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் ஒப்பித்தாள்.

ஆனால் ஜன்னல் காற்று சற்று முன்புதான் அட்டையைப் புரட்டிப் போட்டிருந்தது. சுவரில் தொங்கியது அதன் வெறும் வெள்ளைப் பின்பக்கம்.

நவநீதகிருஷ்ணன் அட்டையைப் பார்த்தார். வேல்விழியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். "மண்டையில ஏறாதுன்னு சொன்னேனே மேடம், இதை ஒரு தடவை கேட்டே ஏத்திட்டாளே" என்று கற்பகவல்லியிடம் முணுமுணுத்தார்.

முத்துச்செல்வி அட்டையைத் திருப்பி மாட்டி, வேல்விழியைப் பக்கத்தில் கூப்பிட்டு, தோளைத் தொட்டு மெதுவாக என்னவோ கேட்டார். பிறகு கோட்டிலிருந்து ஒவ்வொரு அடியாக அவளை முன்னால் நடக்க வைத்தார். அவளுக்கு மேல் எழுத்து தெரிந்தபோது, அவள் மூக்கு சுவரைத் தொட ஒரு முழம்தான் இருந்தது.

"வேல்விழின்னு பேரு வச்சிருக்காக" என்று பின்னாலிருந்து எவனோ சிரித்தான். கற்பகவல்லி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அப்படியே நின்றது.

கடைசியாக ஹர்ஷினி. ஜெயச்சந்திரன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். மகளைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார்.

"முதல் எழுத்து?"

ஹர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். வாயைத் திறந்து "ப..." என்று தொடங்கினாள். முடியவில்லை. "ட!" என்று கத்திவிட்டாள். அணை உடைந்த மாதிரி அடுத்தடுத்த வரியெல்லாம் கொட்டியது. கடைசி வரியும் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"அதுக்குக் கீழ, ஜெயா ஆப்செட் பிரிண்டர்ஸ், சிவகாசி, உரிமையாளர்..."

"நிறுத்துங்க" என்று எழுந்தார் ஜெயச்சந்திரன். "பாத்தீகளா டாக்டரம்மா? அதான் சொன்னேன். பிள்ளைக்கு இல்லாததெல்லாம் தெரியுது. கடைசி வரிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, அவளா ஏதோ வாசிக்கா. இது பெரிய கோளாறு."

"இருக்கே சார்" என்றார் முத்துச்செல்வி.

"எங்கன இருக்கு? ஒரு கோடு கிழிச்சிருக்கு, அம்புட்டுத்தான்."

"எழுத்து சார். நல்லாப் பெரிசாவே போட்டிருக்கு."

"ஏங்க, நான் முப்பது வருசமா பிரஸ் வச்சிருக்கேன். கோட்டுக்கும் எழுத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே அவர் அட்டையை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் கண்ணைச் சுருக்கினார். இன்னும் நடந்தார். அட்டைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டார். எதை அடித்தாலும் தன் பிரஸ் பெயரை யாரும் தவறவிடாத அளவில் போட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். என்றைக்கோ ஒரு ஆர்டருக்கு அடித்துக் கொடுத்த அட்டை அது.

"நம்ம பிரஸ்தானா" என்றார், மெல்லிய குரலில்.

"நீங்க அங்கனயே நில்லுங்க சார்" என்றார் முத்துச்செல்வி. "ஹர்ஷினிக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்குத்தான் முன் பெஞ்சு போடணும்."

கற்பகவல்லி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

மறுநாள் சோலையம்மாளைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் சாப்பாட்டுத் தூக்கோடு பதறி ஓடிவந்தார்.

"என்ன தப்பு பண்ணுனா டீச்சர்?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. கண்ணு சரியில்ல" என்றார் கற்பகவல்லி.

"கண்ணா? கண்ணு நல்லாத்தான இருக்கு. மை போட்டா எம்புட்டு அழகாயிருக்கும் தெரியுமா?"

"அழகு சரிம்மா, பார்வை இல்ல. கண்ணாடி போட்டா சரியாப் போகும். கண்ணாடி இலவசம்தான். நீங்க எங்கயும் அலைய வேண்டாம், முகாம்காரவுகளே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாந்து தருவாக."

சோலையம்மாள் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "மிளகாயை எடுடின்னா வெங்காயத்தை எடுத்துத் தருவா. கவனமில்லன்னு இத்தனை நாளா இவளை வஞ்சுக்கிட்டே இருந்தேனே" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

கண்ணாடி வந்தது. ஏழாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது. ஐந்து பேரும் கடைசி பெஞ்சுகளிலிருந்து வந்தவர்கள். வேல்விழி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். போர்டைப் பார்த்தாள். விசிறியைப் பார்த்தாள். பிறகு பாடம் நடத்திக்கொண்டிருந்த நவநீதகிருஷ்ணனையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"என்னம்மா, சந்தேகமா?" என்றார் அவர்.

"சார், உங்களுக்கு மீசை இருக்கா?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

"ஏன், இத்தனை நாளா என்னன்னு நினைச்ச?"

"நீங்க பேசும்போது கையை வாய்கிட்ட வச்சிருக்கீகன்னு நினைச்சேன் சார். அதுல பாதி வெள்ளையா வேற இருக்கு."

நவநீதகிருஷ்ணன் அடுத்த நாள் மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். வேல்விழி அதையும் கவனித்துச் சொன்னாள். அந்த மாதப் பரீட்சையில் கணக்கில் அவள் தேறிவிட்டாள். பிரமாதமான மார்க் இல்லை. ஆனால் எல்லாமே அவள் சொந்த மார்க்.

மற்றவர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் பெஞ்சு மாறியது. ஒரு வீட்டில் மட்டும் பையனைப் பிடுங்கிக்கொண்டுபோய் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மற்றப் பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் கண்ணைப் பற்றி இனி வாய் திறக்க முடியாது. ஒரு அம்மா, தன் மகனுக்குக் காது சரியாகக் கேட்காது என்று ஆரம்பித்தார். கற்பகவல்லி உற்சாகமாக, "காது முகாம் வச்சிடுவோமா?" என்றதும் அந்த அம்மாவுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

ஜெயச்சந்திரன் தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று வாங்கினார். மாட்டிய முதல் நாளே பிரஸ்ஸுக்குப் போய், சுவரில் தொங்கிய மூன்று வருடத்துக் காலண்டர்களில் தன் பெயர் 'ஜெயசந்திரன்' என்று ஒற்றெழுத்து இல்லாமல் அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ப்பா. நீங்கதான் எல்லாம் சரியா இருக்குன்னீக" என்றாள் ஹர்ஷினி.

ஹர்ஷினி அப்போது கடைசி பெஞ்சு. ஆனால் மதியம் சாப்பிட மட்டும் வேல்விழியைத் தேடி வந்துவிடுவாள். பள்ளி மைதானத்தில் இரண்டு வேப்பமரங்கள். ஒரு மரத்தடியில் ஒரு தெருப் பிள்ளைகள், இன்னொன்றில் இன்னொரு தெருப் பிள்ளைகள் என்பது அதுவரை வழக்கம். அதைப் பற்றிக் கற்பகவல்லி உத்தரவு எதுவும் போட்டிருக்கவில்லை. சோலையம்மாள் வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசனைதான் ஹர்ஷினியை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஒரு நாள் ஹர்ஷினி வீட்டில் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸோடு ஜெயச்சந்திரன் பள்ளி வாசலுக்கு வந்தார். புதுக் கண்ணாடி. மைதானத்தின் மறுகோடி வரைக்கும் எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. காலனிப் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேல்விழியின் தூக்கிலிருந்து மகள் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதும் தெரிந்தது.

வாசலில் நின்ற அவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கோபமா என்றால் கோபம் வரவில்லை. சரி என்று விடவும் மனம் வரவில்லை. வீட்டில் அவர் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். மைதானம் மங்கிப் பச்சையும் மண்ணுமாகக் கலங்கியது. நிம்மதியாக இருந்தது. டிபன் பாக்ஸை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று திரும்பினார்.

"அப்பா!"

அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, ஹர்ஷினிக்கு எத்தனை தூரமும் தெரியுமே.

"அப்பா, இங்கன வாங்க! எங்கன பாக்கீக? கண்ணாடியைப் போடுங்க!"

அவர் கண்ணாடியைப் போட்டார். மொத்தப் பள்ளியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் அறை ஜன்னலில் கற்பகவல்லியும் நின்றார். வேறு வழியில்லாமல் மைதானத்தைக் கடந்து போனார்.

வேல்விழி எழுந்து நின்று தூக்கை நீட்டினாள். "சாப்பிடுறீகளா மாமா? கொஞ்சம் காரமா இருக்கும்."

மறுத்தால் மகள் முகம் வாடும், சாப்பிட்டால் ஊர் பேசும். அவர் இரண்டு விரலால் ஒரு வாய் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவது வாய்க்கு வேல்விழியின் பக்கத்திலேயே வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா" என்றாள் ஹர்ஷினி.

"உம்?"

"அது வேல்விழி சாப்பாடு."

அவர் குனிந்து பார்த்தார். தூக்கில் ஒரு பருக்கை இல்லை. வேல்விழி வெறும் தூக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே தருணு, இங்க வா" என்று அவசரமாகக் கத்தினார் ஜெயச்சந்திரன். "மணி அடிக்க எம்புட்டு நேரம் இருக்கு? புரோட்டாக் கடை தொறந்திருக்குமா? ஆளுக்கு ரெண்டு வாங்கிட்டு வந்திடறேன். எத்தனை பேருப்பா இருக்கீக?"

"எந்த மரத்துல மாமா?" என்று கேட்டான் தருண்குமார்.

ஜெயச்சந்திரன் இந்த மரத்தைப் பார்த்தார், அந்த மரத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"எல்லா மரத்துலயும் சேத்துத்தான்லே, சீக்கிரம் எண்ணிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார்.